காத்தான்குடியில் நெய்த ஏணைப்பட்டி

என் இடுப்பில் ஒரு பழைய துப்பட்டாவை இறுக்கிச் சுற்றி, அதில் எண்பது நூல்களின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, ஷிஃபானா தேநீர் போடப் போய்விட்டாள். "அசையாம இரிங்க அக்கா. நூல் தொய்ஞ்சா எல்லாம் குழம்பிரும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள். தெருவில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. என்ன மீன் என்று எட்டிப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. வெளியூரில் மீன் பார்க்காமல் இருப்பது எனக்கு ஆகாத காரியம். ஆனால் எழுந்தால் எண்பது நூலும் என்னோடு எழும். கட்டுத்தறியில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பச்சைக் குழந்தையோடு இருந்த ஃபஸ்மிலா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஷிஃபானாவின் அக்கா அவள். நான் வந்து நான்கு நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஈரோட்டில் எனக்கு ஒரு தையல் கடை. முப்பது வருடமாகத் துணியை வெட்டித்தான் பிழைக்கிறேன். துணி எப்படி உண்டாகிறது என்று ஒருநாளும் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. ஒருநாள் போனில் ஒரு வீடியோ வந்தது. நான்கு மூலையிலும் துளையிட்ட சதுர அட்டைகளை, சீட்டுக்கட்டைப் பிடிப்பதுபோல ஒரு பெண் கையில் பிடித்துச் சுழற்றுகிறாள். சுழற்றச் சுழற்ற அவள் மடியில் அம்பு அம்பாகக் கோலம் போட்ட ஒரு பட்டி வளர்கிறது. தறியும் இல்லை, மெஷினும் இல்லை. கீழே ஒரு சந்தேகம் கேட்டு எழுதினேன். அவள்தான் ஷிஃபானா. குரல்பதிவில் பதில் சொன்னாள். சந்தேகம் வளர்ந்து பேச்சாகி, பேச்சு வளர்ந்து, "வாங்க அக்கா, எங்கட வீட்டுல நிண்டு பழகிட்டுப் போங்க" என்பதில் வந்து நின்றது. என் வீட்டுக்காரர், "பக்கத்துல சென்னிமலையில தெருத்தெருவா தறி ஓடுது, அதை விட்டுட்டுக் கடல் தாண்டிப் போறியாக்கும்" என்றார். சென்னிமலையில் யாரும் என்னை வாவென்று கூப்பிடவில்லையே என்றேன்.

இலங்கையில் மட்டக்களப்பைத் தாண்டிக் காத்தான்குடிக்குள் பஸ் நுழைந்ததும் நடுச்சாலை நெடுக மரங்கள். நம்மூர் ஈச்சமரம் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர், "பேரீச்சை" என்று திருத்தினார். கடைகளைப் பார்த்ததும் எனக்கு ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கே திரும்பி வந்துவிட்டதுபோல இருந்தது; அத்தனை துணிக்கடை. பராக்குப் பார்த்ததில் இறங்குமிடத்தைத் தாண்டிவிட்டேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கூப்பாடு போட, பஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண், "இறக்கம்!" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். பஸ் உடனே நின்றது. அந்தச் சொல்லை அன்றே மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஷிஃபானாவின் வீடும் ஃபஸ்மிலாவின் வீடும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இருந்தன. இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறார். எங்கள் பக்கத்தில் பெண்ணை அழ அழ அனுப்பிவைத்துவிட்டு நாமும் அழுவோம். இங்கே அக்காவும் தங்கையும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, "உப்பு இரிக்கா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பெண்ணுக்குக் கட்டும் வீடு என்பதால் கூடத்துக் கூரையில் கான்கிரீட் போடும்போதே ஓர் இரும்புக் கொக்கியையும் சேர்த்துப் பதித்துவிடுகிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஏணை கட்ட. நாம் தூளி என்பதைத்தான் இவர்கள் ஏணை என்கிறார்கள். ஃபஸ்மிலாவின் கூடத்துக் கொக்கியிலும் ஒரு பட்டி தொங்கியது. சிவப்பும் வெள்ளையுமாக, அட்டை நெசவில் ஷிஃபானா நெய்தது. நான் வீடியோவில் பார்த்து மயங்கிய அதே பட்டி. ஆனால் அதில் ஏணை இல்லை. துவைத்த துவாய்களும் குழந்தைச் சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுல ஏன் கண்ணு புள்ளையப் போடல?" என்று முதல் நாளே வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன். ஃபஸ்மிலா பட்டியை நிமிர்ந்து பார்த்து, "நல்ல வடிவு" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மிச்சத்தை ஷிஃபானா சமையற்கட்டில் வைத்துச் சொன்னாள். மூத்தவள் ஹனா கைக்குழந்தையாக இருந்தபோது கடையில் வாங்கிய நைலான் கயிற்றில்தான் ஏணை கட்டினார்களாம். கயிறு அறவில்லை. முடிச்சு வழுக்கிவிட்டது. பிள்ளை தலைகுப்புற விழுந்தது. இப்போது ஹனாவுக்கு ஐந்து வயது, இடப் புருவத்தில் ஒரு கீறல் தவிர ஒரு குறையும் இல்லை. சுவர் ஏறிக் குதிக்கிறாள். ஆனால் ஃபஸ்மிலாவுக்கு அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அவனைக் கையைவிட்டுக் கீழே வைப்பதேயில்லை. உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள், திடுக்கிட்டு விழிக்கிறாள். கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். உம்மாவும் வாப்பாவும், கணவர் வேலையால் ஏறாவூரில் குடியிருக்கும் மூன்றாவது மகளின் பேறுகாலத்துக்குப் போயிருக்கிறார்கள். தங்கையிடம்கூடக் குளிக்கப் போகும் நேரத்துக்கு மட்டும்தான் பிள்ளையைக் கொடுக்கிறாள்.

"இவன் வயித்துல இரிக்கக்குள்ளதான் நான் இந்த அட்டை நெசவப் பழகினன் அக்கா. வழுக்காத பட்டி ஒண்டு ராத்தாக்குச் செஞ்சி குடுக்கணும் எண்டு" என்றாள் ஷிஃபானா. ராத்தா என்றால் இங்கே கூடப்பிறந்த அக்கா. "போனப் பாத்துப் பாத்து மூணு மாசம். இப்ப அதுல துவாய் காயுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்தப் பெண் இப்படித்தான். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

முதல் இரண்டு நாள் என்னை அவள் வேலை செய்யும் கைத்தறி நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். வாவிக் கரையை ஒட்டிய நீளமான கட்டடம். காத்தான்குடிப் பெண்களும் பக்கத்து ஊர் ஆரையம்பதிப் பெண்களுமாகத் தறிக்குத் தறி உட்கார்ந்து சாரமும் சேலையும் நெய்கிறார்கள். சாரம் என்றால் நம் லுங்கி. தறிச் சத்தத்துக்கு மேலே அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்கும். நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே போவது ஊடை, அதைச் சுமந்துகொண்டு அங்குமிங்கும் ஓடும் கட்டை நாடா. இவ்வளவும் தலையில் ஏறிவிட்டது. கால்தான் சொன்னபடி கேட்கவில்லை.

தறியில் மிதிக்கட்டை இரண்டு. வலதை மிதித்து நாடாவை விட வேண்டும். பிறகு இடதை மிதிக்க வேண்டும். நானோ முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவள். உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் ஒன்றாகச் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிட்டன. பாவு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் தத்தளிக்க, அந்த நேரம் பார்த்து நானும் நாடாவை விட, டப் டப்பென்று நூல்கள் அறுந்தன. பக்கத்துத் தறியில் இருந்த தவமணி ஆரையம்பதிக்காரி. அவள் வேலையை நிறுத்திவிட்டு என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன அக்கா, தையல் மெசின் எண்டு நினைச்சிட்டீங்களோ? இதுல பிளவுஸ் வராது" என்றாள். கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது! ஆனால் அவள் எழுந்து வந்து, அறுந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, விரல் நுனியில் ஒரு சுழற்று, ஒரு இழுப்பு என்று முடிந்துகொண்டே போனதைப் பார்த்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். மகளின் பள்ளிக்கூடக் கதை ஒன்றை யாருக்கோ சொல்லிக்கொண்டே முடிந்தாள். முடித்துவிட்டு, முடிச்சு எங்கே கண்டுபிடியுங்கள் என்றாள். எனக்குக் கிடைக்கவில்லை.

நிலையத்தில் அப்போது அவசர வேலை இருந்தது. ஒரு தறியை எனக்காக முடக்கிவைப்பது நியாயமில்லை. ஆகவே மூன்றாம் நாள் ஷிஃபானா, "அட்டையில பழகுங்க, அதுக்குக் காலே தேவல்ல" என்றாள். பட்டி நெய்ய நீளமான இடம் வேண்டும். அவள் வீட்டுக் கூடத்தில் தைக்கிற மேசையும் துணி மூட்டையும். ஃபஸ்மிலாவின் கூடம்தான் காலி. அப்படித்தான் நான் அவள் ஜன்னல் கம்பியில் கட்டுப்பட்டேன்.

அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் பால்மா பெட்டியைத்தான் வெட்டிப் பார்த்தாளாம். வாவிக் காற்றின் ஈரத்தில் அவை அப்பளம்போல நமுத்துவிட்டன. பிறகு பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டினாள். வழவழவென்று சுழல்கிறது, ஈரமும் ஏறாது. வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்பு தெரிகிறது.

"யாரு கண்ணு இது?"

"எங்கட வாப்பாட நெஞ்சு. பயப்படாதீங்க, அவருக்கு ஒண்டுமில்ல. சளி மட்டும்தான்."

ஆக, அவர்கள் வாப்பாவின் நெஞ்சை இருபது துண்டாக்கி நான் கையில் பிடித்திருந்தேன். ஒவ்வொரு அட்டையின் நான்கு துளையிலும் ஒவ்வொரு நூல். அட்டைகளை மொத்தமாகக் கால் சுற்று திருப்பினால் மேல் நூல்களுக்கும் கீழ் நூல்களுக்கும் நடுவே ஒரு வழி திறக்கும். அதில் ஊடையை விட்டு, மர அடிமட்டத்தால் ஒரு தட்டு தட்ட வேண்டும். அடிமட்டம் என்பது இவர்களுக்கு ஸ்கேல். பிறகு அடுத்த கால் சுற்று. வேலை அவ்வளவுதான். பச்சை, கறுப்பு, வெள்ளை என்று சாரத்தில் மிஞ்சிய முறுக்கு நூல். ஓரத்து அட்டைகளுக்கு மட்டும் மீன்காரரிடம் கேட்டு வாங்கிய வலைநூல். "புதுசாப் பழகிறவங்க ஓரத்தப் போட்டு இழுப்பாங்க. வலைநூல் எண்டா தாங்கும்" என்றாள் ஷிஃபானா. என்னைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம்.

காலையில் ஷிஃபானா நிலையத்துக்குப் போய்விடுவாள். கூடத்தில் நானும் ஃபஸ்மிலாவும் குழந்தையும். அவள் நூலைத் தொடவே மாட்டாள். கை இரண்டும் குழந்தைக்கு. கண் மட்டும் சும்மா இருந்தது. அது என் கையிலேயே இருந்தது.

"அக்கா, அந்த நாலாம் அட்டை திரும்பல்ல."

பார்த்தால், ஆமாம், திரும்பவில்லை.

"அக்கா, இப்ப பச்சை மேல வரணும். கறுப்பு வந்திரிக்கி."

வந்திருந்தது. ஒரு தடவை போன் அடித்ததென்று அட்டைகளைக் கீழே வைத்துவிட்டேன். ஓர் அட்டை நழுவிப் புரண்டிருக்கிறது. நான் கவனிக்காமல் ஒரு முழம் நெய்துவிட்டேன். அதையும் அவள்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிட்டத்தட்ட அரைநாள் வேலை. "போகட்டும் கண்ணு, பழகறதுதானே. இதை யாரு பார்க்கப்போறாங்க!" என்று மேலே நெய்துகொண்டே போனேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும். மத்தியானம் சோறும் மீன் ஆணமும். ஆணம் என்றால் குழம்பு. தேங்காய்ப்பாலில் கொதித்த வாவி இறாலும் முருங்கையிலையும் ஒருநாள், நண்டு ஒருநாள். காலையில் பிட்டு, மேலே மாசிச் சம்பல். ஈரோட்டில் நான் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவள். இங்கே, "என்ன கா இது, கோழி கொத்தின மாதிரி!" என்று ஷிஃபானா தட்டைப் பிடுங்கி நிரப்புவாள். மட்டக்களப்பு என்றதும் எல்லோரும், பாடும் மீனைக் கேட்டாயா என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. சாப்பிட்ட மீன்கள் ஒன்றும் பாடவில்லை. பாடியதெல்லாம் ஃபஸ்மிலாவின் மகன்தான்.

வெள்ளிக்கிழமை நிலையம் விடுமுறை. தோள் கழன்றுவிடும்போல வலித்ததால் நானும் எனக்கு விடுமுறை விட்டுக்கொண்டேன். எருமைத் தயிர் வாங்குவதென்றால் செங்கலடிச் சந்தி என்று தவமணி சொல்லியிருந்தாள். இந்த வீட்டுக்கு நானும் ஏதாவது வாங்கித் தர வேண்டுமே. தனியாகப் பஸ் ஏறிப் போய், சரியாக "இறக்கம்" சொல்லி இறங்கி, மண்சட்டித் தயிர் ஒன்று வாங்கினேன். தூக்கிப்போக வசதியாகச் சட்டியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கைப்பிடியும் வைத்துக் கொடுத்தார்கள். பெருமை தாங்காமல் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது பதுளை வீதியில் உள்நாட்டுக்குப் போகிற பஸ்.

கடைகள் போய் இரண்டு பக்கமும் வயல் வந்த பிறகுதான் சந்தேகம் தட்டியது. பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் காத்தான்குடி எப்போது வரும் என்று கேட்டேன். "காத்தான்குடியோ? இது வட்டைக்குப் போற பஸ் எல்லோ பிள்ள" என்று அவர் கன்னத்தில் கைவைத்தார். வட்டை என்றால் இங்கே வயல்வெளி. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு நான் பிள்ளை. பதறி எழுந்து, சட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இறக்கம்" என்று வாயைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்து ஓர் எருமைக் கூட்டம் சாலையைக் கடக்க வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

கயிறு அறவில்லை. முடிச்சு வழுக்கியது. கைப்பிடி என் விரலில்தான் இருந்தது, சட்டி இல்லை. தயிர் என் சேலையிலும் அந்த அம்மாவின் மடியிலும் பஸ் தரையிலும். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் மடியை உதறிக்கொண்டே, "இது வட்டைக்குப் போற உடுப்புத்தான். தயிர்தான் பாவம்" என்றார். கண்டக்டர் பழைய பேப்பரை நீட்டினார். யாரோ ஒருவர், "அந்தா போகுது, அதிட்டயே திருப்பிக் கேளுங்க" என்று எருமையைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸை மறித்து, எனக்கு இடம் கேட்டு வாங்கி ஏற்றியும் விட்டார்கள்.

அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கைப்பிடி இன்னும் என் விரலில் தொங்குவதைக் கவனித்தேன். அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். முடிச்சு அவிழும்போது சின்னச் சத்தம்கூட இல்லை. விழுந்த பிறகுதான் சத்தம். இத்தனை நாளும் ஃபஸ்மிலாவைப் பற்றி, பாவம், ரொம்பப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளிடம் பயப்படாதே என்று சொல்லக்கூட ஒருநாள் வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் ஜன்னல் முன்னால் உட்கார்ந்து, அந்தப் புரண்ட அட்டை வரைக்கும் நெய்ததை அவிழ்க்க ஆரம்பித்தேன். அட்டையைப் பின்னோக்கித் திருப்பு, ஊடையை உருவு. மறுபடி திருப்பு, உருவு. நெய்வதைவிட அவிழ்ப்பது மெதுவாகத்தான் நடக்கும். கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபஸ்மிலா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். தயிர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊடைக்கும், "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் ஆகிவிட்டோம். அட்டைகளை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் பின்னால் இருக்கும் பாவு கயிறுபோல முறுக்கேறி அட்டை நகராது. அப்போது எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். முறுக்கு தானாகக் கழன்றுவிடும். திருப்புகிற இடத்தில் கோலமும் திரும்பிக்கொள்ளும். மேலே பார்த்த அம்பு அங்கிருந்து கீழே பார்க்கும். எத்தனை தரம் முன்னே, எத்தனை தரம் பின்னே என்ற கணக்கு எனக்கு நிற்காது. ஃபஸ்மிலாவுக்கு நின்றது. பால் கொடுத்துக்கொண்டே, ஹனாவை அதட்டிக்கொண்டே, "அக்கா, இனிப் பின்னுக்கு" என்பாள். நான் மறுபேச்சில்லாமல் பின்னுக்குத் திருப்புவேன். பாங்கு கேட்டால் நிறுத்துவோம். மத்தியானக் காற்று வாவியிலிருந்து வந்து அட்டைகளைப் படபடவென்று அடிக்கும்போது குழந்தை கண்ணை விரித்துப் பார்ப்பான். அவனுக்கு இரண்டே நாளில் அந்தச் சத்தம் பழகிவிட்டது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பட்டி முடிந்தது. ஜன்னலிலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்தேன். என் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளம். தொடக்கத்தில் ஓரம் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. போகப் போக நேராகிவிட்டது. ஷிஃபானாவின் சிவப்புப் பட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் இதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது போதும். கடையில் வெட்டுமேசைக்கு மேலே மாட்டிவைத்து வருகிறவர்களிடமெல்லாம் காட்ட வேண்டும் என்று திட்டம். மடித்துப் பெட்டியில் வைக்கப் போனேன்.

"அக்கா, அத எனக்குத் தருவீங்களா?" என்றாள் ஃபஸ்மிலா. "ஏணைக்கு."

"ஐயோ, வேண்டாங்கண்ணு! இது சும்மா பழகினது. உன் தங்கச்சி எத்தனை அருமையா நெய்து வெச்சிருக்கறா. என்ற கையி... நீயே பார்த்தீல்ல, எத்தனை தப்பு!"

"கண்டன். அதுதான்" என்றாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையால் பட்டியை வாங்கி மடியில் போட்டு, விரலால் தடவிக்கொண்டே போனாள். "இது பிறகொருநாள் மீன்காரர் வரக்குள்ள செஞ்சது. நூல் தொய்ஞ்சிட்டுது, அவிழ்த்துட்டுத் திரும்பச் செஞ்சீங்க. இது மழை வந்த அண்டைக்கு. இஞ்சதான் தயிரக் கொட்டிட்டு வந்து அழுதழுது அவிழ்த்தீங்க." விரல் அங்கே நின்றது. "எங்கெங்க பிழை இரிந்ததெண்டும் எனக்குத் தெரியும். எல்லாம் அவிழ்த்ததையும் கண்டன். தங்கச்சிட பட்டி நல்லதுதான். ஆனா அது நெய்யக்குள்ள நான் காணல்ல. அந்தக் கயிறும் அப்படித்தான், கடையில நல்லாத்தான் இரிந்தது."

ஷிஃபானா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டிருக்கிறாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மூன்று மாதம் போனைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள். நேராக உள்ளே வந்து, கொக்கியிலிருந்த துவாய்களை எடுத்தாள். சிவப்புப் பட்டியை அவிழ்த்து, நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்கிட்டப் பழகின கைதானே" என்றாள். இந்தத் தடவை சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமானது, ஆனால் வந்துவிட்டது. "ராத்தா, அரிசி மூட்டை எங்க இரிக்கி?"

கொக்கியில் என் பட்டியை இரட்டையாகப் போட்டு, முனைகளில் பழைய சேலையைக் கட்டினாள். கட்டிய முடிச்சை ஃபஸ்மிலா அவிழ்த்துவிட்டுத் தானே கட்டினாள். முதலில் அரிசி மூட்டை. நானும் ஷிஃபானாவும் மூட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தோம். பட்டி கொஞ்சம் நீண்டு இறுகியது, அவ்வளவுதான். அது ஃபஸ்மிலாவுக்குப் போதவில்லை. குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுத் தானே ஏணையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கத்தாரிலிருந்து கணவரின் வீடியோ அழைப்பு. ஹனா போனை எடுத்து உம்மாவை நோக்கித் திருப்பினாள்.

"என்ன இது? ஏணை புள்ளைக்கா, ஒனக்கா?" என்றது போன்.

"பேசாம இரிங்க. பாத்துக்கிட்டிரிக்கன்" என்றாள் ஃபஸ்மிலா, ஆடிக்கொண்டே.

"நான்தான் இரும்புத் தொட்டில் அனுப்புறன் எண்டு சொன்னன்தானே..."

"அத யாரு செஞ்சதெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?" அவள் இறங்கி, என்னைப் பார்த்தாள். "இப்ப நீங்க."

நான் மூட்டையையும் ஃபஸ்மிலாவையும் சேர்த்துக் கட்டிய எடை. மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நெய்தவள் உட்காராமல் பிள்ளையைப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டாள். கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கால் தரையைவிட்டு எழுந்தது. மேலே எண்பது நூலும் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தன. என் வாழ்நாளில் நான் வெட்டிய எந்தத் துணியும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிஸ்மி சொல்லி, ஃபஸ்மிலா மகனை ஏணையில் போட்டாள். போட்டாளே தவிர கையை எடுக்கவில்லை. ஏணைக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்து, துணிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கட்டினேன். எட்டிப் பார்த்தபோது அவள் படுத்திருந்தாள், கை மட்டும் மேலே. இன்னொரு தரம் பார்த்தபோது கையும் கீழே வந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மேலே மகன், கீழே உம்மா, இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில் ஏணை தானாகவே கொஞ்சம் ஆடியது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைப்பதற்குள் ஓடிப்போய்த் தடுத்தேன். ஷிஃபானா என் பெட்டியை ஏற்றினாள். உள்ளே சிவப்புப் பட்டி இருந்தது. "வெட்டுமேசைக்கு மேல இத மாட்டுங்க" என்று காலையில் அவளே வைத்தது. பிறகு தயங்கி நின்றாள்.

"ராத்தாவ எழுப்பட்டா? சொல்லாமப் போனா கோவிப்பா அக்கா."

"கோவிக்கட்டும் கண்ணு" என்றேன். "நல்லாத் தூங்கி எந்திரிச்சுக் கோவிக்கட்டும்."